ஆட்டம் கிடைக்காமல் நிற்பவர்: ஒரு ஞாயிறு பிற்பகல் போர்டு கேம் சந்திப்பின் நிகழ்வு ஆய்வு

போர்டு கேம் சந்திப்பு ஒன்று நன்றாக நடந்ததா என்று தெரிய வேண்டுமானால் அலமாரியில் எத்தனை பெட்டி இருந்தது என்று எண்ணிப் பயனில்லை. நாலரை மணிக்கு அரங்கின் ஓரத்தில், எந்த மேசை எப்போது முடியும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அப்படி நிற்க நேர்ந்தவர்தான் மறுமுறை வரத் தயங்குகிறார். நடத்துபவரின் வேலை ஆட்டங்களைச் சேர்ப்பதைவிட இருக்கைகளைச் சேர்ப்பதுதான் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

எடுத்துக்கொண்ட நிகழ்வு ஒரு வகைமாதிரி. தனியொரு நாளின் பதிவு அல்ல. இப்படிப்பட்ட சந்திப்புகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே பிற்பகலாக்கி, கணக்குப் போட வசதியாக எண்கள் கொடுத்திருக்கிறோம். இடம், சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்போர் சங்க அரங்கு. ஞாயிறு மாலை 3 முதல் 7 வரை. பெயர் கொடுத்தவர்கள் 28, வந்தவர்கள் 22. பாதிப் பேர் கட்டான், கோட்நேம்ஸ் போன்ற புதுவகைப் பெட்டி ஆட்டங்களை ஆடிப் பழகியவர்கள். மீதிப் பேருக்குத் தெரிந்தது கேரம், ரம்மி, தாயம்.

முதல் வடிவம்: எங்கே கெட்டது

3 மணிக்கு ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் நால்வர் ஆசையாகக் கட்டானைப் பிரித்தார்கள். மீதி இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். 3:25-க்கு ஐந்து பேர் வந்தார்கள். அவர்கள் ஒரே நண்பர் குழு என்பதால் ஐவருமாக டிக்கெட் டு ரைடு போட்டுக்கொண்டார்கள். முன்பு நின்ற இருவரும் நின்றபடியே இருந்தார்கள். 3:45-க்குள் பதினொரு பேர் வந்ததும் நிற்பவர்கள் 13 ஆனார்கள். எட்டுப் பேர் கோட்நேம்ஸுக்குப் போக, நால்வர் ஸ்ப்ளெண்டரில் உட்கார, ஒருவர் மிஞ்சினார். 4:20-க்கு கோட்நேம்ஸ் முடிந்தது. அந்த எட்டுப் பேரும் எழுந்து, மிஞ்சியவரோடு சேர்ந்து ஒன்பது பேர் நிற்கும்போது, கட்டான் மேசையில் முதல் ஆள் ஐந்து புள்ளியைக்கூட எட்டவில்லை. ஆட்டம் பத்துப் புள்ளிக்கு.

இதில் யாரும் தப்பாக எதுவும் செய்துவிடவில்லை. ஆட்டங்களும் நல்ல ஆட்டங்கள்தான். ஆனால் ஐந்து மணி வரை எந்த இரண்டு மேசையும் ஒரே நேரத்தில் முடியவில்லை. ஒரு மேசை முடிந்தால் அதில் இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே அடுத்த ஆட்டம் போட வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். ஐந்து நண்பர்கள் கடைசி வரை அந்த ஐந்து பேரோடுதான் ஆடினார்கள். அதை அவர்கள் தங்கள் வீட்டிலேயே செய்திருக்கலாம்.

முதல் காரணம், இடையில் யாரும் சேர முடியாத நீண்ட ஆட்டத்தை ஆரம்பத்திலேயே பிரித்தது. இரண்டாவது, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை நம்பியது. அந்த நேரம் ரூல்ஸ் தெரிந்தவர்களுக்கானது. புதியவர் இருவர் இருந்தாலே ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. 75 நிமிடக் கட்டான் சர்வசாதாரணமாக இரண்டு மணி நேரம் ஓடும்.

மூன்றாவது, ஐந்து என்ற எண். கட்டான், ஸ்ப்ளெண்டர், அஸூல் மூன்றும் நால்வர் வரைதான். டிக்கெட் டு ரைடு, கார்கசோன் இரண்டும் ஐவரைத் தாங்கும். நால்வர் ஆட்டங்களாகவே வாங்கி அடுக்கிய சந்திப்பில், 21 பேர் வந்தாலும் 25 பேர் வந்தாலும் ஒருவர் வெளியே நிற்பார், அல்லது எங்கோ மேசைகள் மூன்று மூன்றாக உடையும். பெட்டி வாங்கும்போது ஐவர் ஆட்டம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

மாற்றி அமைத்த வடிவம்

அதே 22 பேர், அதே அரங்கு. மாற்றம், பிற்பகலை இரண்டு அலைகளாகப் பிரித்ததுதான்.

3 மணி முதல் 3:45 வரை இடையில் சேர முடியாத மூடிய ஆட்டம் எதுவும் கிடையாது. இரண்டு திறந்த மேசைகள் மட்டும். ஒன்றில் 6 நிம்ட். வோல்ஃப்காங் கிராமர் வடிவமைத்து 1994-இல் வந்த இந்தச் சீட்டாட்டத்தில் 1 முதல் 104 வரை எண்கள். ஆளுக்குப் பத்துச் சீட்டு, நடுவில் நான்கு வரிசைக்கு நான்கு சீட்டு. பத்துப் பேர் உட்கார்ந்தால் 104-ம் சரியாகத் தீர்ந்துவிடும். ஒரு சுற்று பத்து நிமிடத்துக்குள் முடிவதால், கதவைத் திறந்து வருபவர் அடுத்த சுற்றில் உட்காரலாம். 66 மாட்டுத்தலை (தண்டப் புள்ளி) வரை எண்ணும் மொத்தக் கணக்கை இங்கே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் தனி ஆட்டம். இன்னொரு மேசையில் ஜஸ்ட் ஒன். ஏழு பேர் வரை, எல்லோரும் ஒரே அணி. மறைந்திருக்கும் சொல்லை ஒருவர் கண்டுபிடிக்க, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குறிப்பு எழுத, ஒரே குறிப்பை இருவர் எழுதியிருந்தால் இரண்டும் அழியும். எப்போது வேண்டுமானாலும் சேரலாம், எழுந்தும் போகலாம். ‘மூணு மணி’ என்றால் மூன்றரைக்கு வரும் பழக்கத்தோடு சண்டை போடுவதைவிட அதற்கு இடம் வைத்து அட்டவணை போடுவது மேல்.

3:45-க்கு எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் கலைத்து 22 பேரையும் 4, 4, 4, 5, 5 என்று பிரிக்க வேண்டும். ‘யாருக்கு என்ன ஆடணும்?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பத்து நிமிடம் அதிலேயே போய், கடைசியில் குரல் பெரியவர் சொன்ன ஆட்டம் நடக்கும். ஐந்து மேசைக்கும் ரூல்ஸ் தெரிந்த ஐந்து பேரை முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும். அவர்கள் தங்கள் பெட்டியைத் தூக்கிக் காட்டி, இரண்டே வரியில் சொல்லட்டும்: ‘ரயில் பாதை போடுற ஆட்டம், ஒண்ணே கால் மணி நேரம், என்னையும் சேர்த்து அஞ்சு பேர்.’ மற்றவர்கள் நடந்து போய் உட்காரட்டும். நிரம்பிய மேசை நிரம்பியதுதான்.

முதல் அலை 5:10 வரை. சீக்கிரம் முடியும் ஸ்ப்ளெண்டர் மேசையில் இரண்டாவது ஆட்டம் போடலாம் அல்லது அஸூலுக்கு மாறலாம். மேசை மட்டும் கலையாது. 5:10-க்கு எல்லோருக்கும் டீ. கட்டான் இழுத்துக்கொண்டிருந்தால் 5 மணிக்கே ‘இன்னும் இரண்டு சுற்று, அதிகப் புள்ளி யாரோ அவர் ஜெயித்தார்’ என்று முடித்துவிடுங்கள். ஒரு மேசைக்காக மற்ற நான்கு மேசையைக் காக்க வைத்தால் இந்த ஏற்பாடே உடைந்துவிடும். 5:30 முதல் 6:35 வரை இரண்டாம் அலை; முதல் அலையில் சேர்ந்து ஆடியவர்கள் கலைந்து வேறு மேசைகளில் உட்கார வேண்டும். மீதி 25 நிமிடம் எண்ணி அடுக்க.

ரூல்ஸ் சொல்லும் பத்து நிமிடம்

ஆட்டம் பாதியில் சலிக்கிறது என்றால் பெரும்பாலும் தொடக்கத்தில் சொன்ன விதம்தான் காரணம். ரூல் புக்கை வரிசையாக வாசிப்பது வேலைக்காகாது. எப்படி ஜெயிப்பது, உங்கள் முறை வந்தால் என்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும், கடைசியாக விதிவிலக்குகள்; இந்த வரிசை எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும்.

வண்ண வில்லைகள் கொடுத்துச் சீட்டு வாங்கும் ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்வோம். ‘15 புள்ளி சேர்த்தால் ஜெயிக்கலாம், அந்தச் சுற்று முடியும்வரை மற்றவர்களும் ஆடுவார்கள்’ என்பது முதல் வாக்கியம். பிறகு நான்கு செயல்: மூன்று வேறு நிறத்தில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று வில்லை எடுக்கலாம், ஒரே நிறத்தில் இரண்டு எடுக்கலாம், ஒரு சீட்டை ஒதுக்கி வைத்துத் தங்க வில்லை ஒன்று வாங்கலாம், வில்லை கொடுத்துச் சீட்டு வாங்கலாம். இதைச் சொல்லும்போதே கையால் செய்து காட்டுங்கள். தவறும் இடங்கள் மூன்றே மூன்று. ஒரே நிறத்தில் இரண்டு எடுக்க, எடுப்பதற்கு முன் அந்தக் குவியலில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். முறை முடியும்போது கையில் பத்து வில்லைக்கு மேல் கூடாது. ஒதுக்கிய சீட்டு மூன்றுக்கு மேல் கூடாது. இவற்றை அந்தச் சூழ்நிலை முதல்முறை வரும்போது மறுபடி நினைவுபடுத்த வேண்டும். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம் என்று விடக் கூடாது. அடுக்கும்போதும் ஒரு பிழை நடக்கும்: மூன்று பேர் என்றால் ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து வில்லை, இருவர் என்றால் நான்கு. நால்வருக்கான ஏழு வில்லையையும் போட்டுவிட்டால் நெருக்கடியே இல்லாமல் ஆட்டம் சப்பென்று போகும்.

சொல்லிக் கொடுப்பவர் முதலில் ஆடட்டும், மிகப் புதியவர் அவருக்கு வலப்பக்கம் உட்காரட்டும். முறை இடப்பக்கமாகச் சுற்றுவதால் அந்தப் புதியவர் எல்லோருடைய முறையையும் ஒரு தடவை பார்த்த பிறகுதான் தன் முறைக்கு வருவார்.

கட்டானில் வேறு ஒரு சிக்கல். ஆட்டத்தின் தலைவிதி முதல் இரண்டு வீடுகளை வைக்கும் இடத்திலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. பகடையில் விழும் எண் உள்ள நிலத்தை ஒட்டி வீடு இருந்தால்தான் மூலப்பொருள் கிடைக்கும். இரண்டு பகடையில் 6 வர 36-இல் 5 வாய்ப்பு, 8-க்கும் அதே. 2-க்கும் 12-க்கும் 36-இல் ஒன்றுதான். விவரம் தெரியாமல் 2, 3, 11, 12 எண்களைச் சுற்றி வீடு வைத்தவர் ஒரு மணி நேரம் வெறுங்கையோடு அடுத்தவர் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அவரும் ஆட்டம் கிடைக்காமல் நிற்பவர்தான். எண் வில்லையில் எண்ணுக்குக் கீழே இருக்கும் சின்னப் புள்ளிகளைக் கூட்டச் சொல்லுங்கள். ஒரு வீட்டைத் தொடும் மூன்று நிலங்களின் புள்ளிகள் 10-ஐ ஒட்டி இருந்தால் தவறில்லை, 7-க்குக் கீழே என்றால் வேறு இடம் பார்க்கலாம். நால்வரும் புதியவர்கள் என்றால் ரூல் புக்கில் இருக்கும் தொடக்க அமைப்பையே அப்படியே வைப்பது உத்தமம்.

தமிழில் கோட்நேம்ஸ்

விளாடா குவாட்டிலின் இந்த ஆட்டம் 2015-இல் வந்தது. 25 சொற்கள், இரண்டு அணிகள். அணியில் ஒருவர் ஒரு சொல்லையும் அது எத்தனை சொல்லுக்குப் பொருந்தும் என்ற எண்ணையும் குறிப்பாகச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் அணியின் சொற்களைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். முதலில் ஆடும் அணிக்கு ஒன்பது சொல், மற்றதுக்கு எட்டு, ஏழு பொதுவானவை, தொட்டால் தோற்கும் சொல் ஒன்று. ஆங்கிலச் சொல் அட்டைகளோடு ஆடும்போது பள்ளியில் ஆங்கிலம் அதிகம் புழங்காதவர்களும் பெரியவர்களும் வாய் திறக்காமல் இருந்துவிடுவார்கள். வெற்று விசிட்டிங் கார்டு அட்டையில் நாமே தமிழ்ச் சொற்கள் எழுதிக்கொள்ளலாம். எந்தச் சொல் எந்த அணிக்கு என்று காட்டும் நிறக் கட்டத்துக்குப் பெட்டியில் உள்ள சாவி அட்டையே போதும். சலிக்காமல் ஆட 200 சொல்லாவது வேண்டும்.

இரட்டைப் பொருள் தரும் சொற்கள்தான் ஆட்டத்துக்கு உயிர். திங்கள், வெள்ளி, ஆறு, படி, மாலை, நூல், அடி, மதி. ‘வானம், 2’ என்றால் அணி திங்களையும் வெள்ளியையும் தொடலாம். ‘மதி’ எதிரணிக்குச் சொந்தமாக இருந்தால் அங்கேதான் கண்ணி. தமிழுக்கென்று ஒரு விதியைத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்: மேசையில் இருக்கும் சொல்லோ அதன் திரிந்த வடிவமோ குறிப்பில் வரக் கூடாது. ‘ஆறு’ கிடக்கும்போது ‘ஆற்றங்கரை’ செல்லாது. இதைப் பேசாமல் ஆரம்பித்தால் பாதி நேரம் வழக்கிலேயே போகும்.

சீட்டு மேசை

அரங்கில் நாலைந்து மூத்தவர்கள் இருந்தால் ஒரு மேசை சீட்டுக்கட்டுக்கு ஒதுக்குங்கள். 304 என்ற சீட்டாட்டம் இதற்கு அருமையான தேர்வு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால் அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கட்டில் 2 முதல் 6 வரை 20 சீட்டை எடுத்துவிட்டால் மிச்சம் 32. நால்வருக்கு ஆளுக்கு எட்டு, எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கு 304. கை முடிந்ததும் இரண்டு கூட்டின் புள்ளியையும் கூட்டினால் 304 வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை பிழை, உடனே பார்த்துவிடுங்கள்.

ஆடத் தெரிந்த நால்வர் நான்கு ஊர்க்காரர்கள் என்றால் நான்கு விதமான விதி இருக்கும். எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எத்தனையிலிருந்து கேட்கத் தொடங்குவது, கவிழ்த்து வைத்த துருப்பை எப்போது திறப்பது, கூட்டாளி கேட்டதற்கு மேல் கேட்கலாமா ஆகியவற்றை முதல் கை போடும் முன் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டால் நடுவில் சண்டை வராது.

ரம்மிக்கு ஆசைப்படுபவர்கள் இருப்பார்கள். புள்ளிக்கு ஆடலாம், காசு வேண்டாம், அழைப்பிலேயே அதை எழுதிவிடுங்கள். ஆந்திர மாநிலம் தொடர்ந்த சத்தியநாராயணா வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மி முக்கியமாகத் திறமை சார்ந்த ஆட்டம் என்றது உண்மைதான். ஆனால் பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடம் கொடுப்பவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் இருக்கிறது. அதனால் கட்டணம் வாசலில், எல்லோருக்கும் ஒரே தொகை, எந்த ஆட்டத்தோடும் ஒட்டாதது என்று இருப்பதே சரி. சங்கத்துக்காரர்கள் கேட்டால் காட்டவும் அது கைகொடுக்கும்.

கணக்கு

கட்டணத்தைப் பெயர் கொடுத்தவர்களை வைத்து வகுத்தால் கையைக் கடிக்கும். அரங்கு வாடகை 1,500, டீயும் பலகாரமும் 24 பேருக்கு ஆளுக்கு 35 வீதம் 840, சீட்டு உறை, பை, புதுச் சீட்டுக்கட்டு என்று 360. மொத்தம் 2,700 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 18-ஆல் வகுத்து 150 வாங்குங்கள். வந்தவர்கள் 22 என்றால் 600 மிஞ்சும். அடுத்த பெட்டிக்கு அது முதல்.

அறிவிப்புக்குச் சாதாரண வாட்ஸ்அப் குழுவைவிட கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழு பாதுகாப்பு. அதில் ஒருவர் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடத்துக்குப் பெண்கள் தொடர்ந்து வர வேண்டுமானால் இதுவும், யார் வீட்டிலும் வைக்காமல் பொது அரங்கில் வைப்பதும் முக்கியம்.

அரங்கு, விசிறி, எண்ணெய்

மேசையை சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே போடாதீர்கள். ஃபேனை நிறுத்தினால் சென்னையில் உட்கார முடியாது, ஓட விட்டால் சீட்டு பறக்கும். ஃபேனுக்கு இடையில் மேசை, மேசை மேல் தடித்த துணி. துணி இருந்தால் சீட்டு வழுக்காது, எடுக்கவும் எளிது. டியூப் லைட் ஒன்று அணைந்து மஞ்சள் பல்பு மட்டும் இருக்கும் மூலையில் நீலக் காயும் பச்சைக் காயும் ஒன்றுபோல் தெரியும். அந்த மூலையில் 304 மேசையைப் போடுங்கள்.

கேரம் போர்டு வைத்தால் அரங்குக்கு வெளியே வராந்தாவில் வையுங்கள். ஸ்ட்ரைக்கர் சத்தத்தில் ரூல்ஸ் கேட்காது. போரிக் பவுடர் காற்றில் வந்து சீட்டில் ஒட்டும். பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம் இரண்டையும் ஓர் ஓரத்தில் ஜமக்காளம் விரித்து வைக்கலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருவர் போதும்; மேசை சீக்கிரம் முடிந்து காத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

பஜ்ஜி, வடை, எண்ணெய் வடியும் எதுவும் வேண்டாம். ஒரு விரல் எண்ணெய் பட்ட சீட்டைக் கலைக்கும்போது பக்கத்துச் சீட்டுகளுக்கும் பரவும். பின்பக்கம் கறை இருந்தால் அது அடையாளம் வைத்த சீட்டாகிவிடும், ஆட்டத்துக்கே உதவாது. பிஸ்கட், ஸ்பூனோடு சுண்டல், வாழைப்பழம் போதும். டீ தனி மேசையில், அதுவும் இடைவேளையில் மட்டும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் வேர்வை மேசைத் துணியை நனைக்கும் என்பதால் பாட்டில்கள் தரையில்.

கடற்கரை ஊர்களின் ஈரத்தில் சீட்டு வளையும். அடிக்கடி கலைக்கும் சீட்டுகளுக்கு உறை போடுங்கள். வழக்கமான சீட்டளவுக்கு 63.5 × 88 மி.மீ. உறை பொருந்தும், ஆனால் வாங்கும் முன் ஒரு சீட்டை அளந்து பாருங்கள், ஐரோப்பிய ஆட்டங்கள் பலவற்றில் சீட்டு சிறியது. பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

6:35

ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒரு தாள் ஒட்டி, என்ன எத்தனை என்று எழுதியிருக்க வேண்டும். ஸ்ப்ளெண்டர்: வில்லை 40, சீட்டு 90, பிரபுக்கள் படம் போட்ட அட்டை 10. அஸூல்: ஓடு 100, நிறத்துக்கு 20. கட்டான்: நிலம் 19, மூலப்பொருள் சீட்டு 95, வளர்ச்சிச் சீட்டு 25. எண்ணுவது அந்த மேசையில் கடைசியாக ஆடியவர்கள், நடத்துபவர் எண்ணுவதில்லை. அஸூல் ஓடு ஒன்று குறைந்தால் முதலில் துணிப்பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பிறகு மேசைத் துணியின் மடிப்பு, அதன் பிறகு தரை. அரங்கைப் பூட்டிய பிறகு தேடினால் கிடைப்பதில்லை.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சந்திப்பின் தேதியைச் சொல்லி, அடுத்த முறை மேசைக்கு ரூல்ஸ் சொல்ல இன்னும் இருவரைக் கேளுங்கள். இன்று ஸ்ப்ளெண்டரைக் கற்றுக்கொண்டவர் அதற்குத் தகுதியானவர்தான். ரூல்ஸ் அவருக்குப் புதிது என்பதால் எங்கே குழப்பம் வரும் என்பதும் அவருக்குத்தான் நினைவிருக்கும். சின்ன ஊரில் எட்டே பேர் வரும் சந்திப்பாக இருந்தாலும் இதே முறைதான்: முதல் அரை மணி எட்டுப் பேருக்கும் 6 நிம்ட், பிறகு 4, 4 என்று ஒரே நேரத்தில் முடியும் இரண்டு ஆட்டம், டீக்குப் பிறகு ஆளை மாற்றி இன்னொரு இரண்டு. ஏழே பேர் வந்தால் 4, 3. கட்டானும் ஸ்ப்ளெண்டரும் மூவருக்கும் நன்றாகவே ஓடும்.